கேள்வி - பதில்: டெலிபோன் ரிசீவரில் ஒரு கரகர மைக்

காயலான் கடையில் பழைய டயல் போன் ஒன்று கிடைத்தது. பழைய ரேடியோ போலக் குரல் கேட்க, அதிலிருந்து எதை எடுத்து மைக் ஆக்குவது?
- வாசகர், தஞ்சாவூர்

ரிசீவரின் இரண்டு முனையுமே மைக்தான். வாய்ப் பக்கம் இருப்பது கார்பன் மைக். காதுப் பக்கம் இருப்பது காந்தமும் காயிலும் கொண்ட சின்ன ஸ்பீக்கர். அதன் தகட்டில் பேசினால் காயிலில் மின்சாரம் பிறக்கும், பேட்டரியே வேண்டாம்.

முதல் முறை செய்பவர்கள் காதுப் பக்கத்தில் தொடங்குங்கள். மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு திருகுகளில் ஷீல்டு வயரை மாட்டுங்கள்: நடுக்கம்பி ஒன்றில், வலைக்கம்பி மற்றதில். மறுமுனையில் 6.35 மி.மீ. மோனோ ஜாக். நடுக்கம்பி ஜாக்கின் நுனிக்கு, வலை அடிப்பகுதிக்கு. ஆம்பிளிஃபயரின் மைக் இன்புட்டில் செருகிப் பாடலாம். சில மில்லிவோல்ட்தான் வரும் என்பதால் வால்யூமைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். காயிலின் குறுக்கே சின்ன டயோடு ஜோடி இருந்தால் அப்படியே விடுங்கள், குரலுக்கு அது குறுக்கே வராது.

போனோடு வந்த சுருள் வயரைப் பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம். நூலின் மேல் செப்புத் தகடு சுற்றிய வயர் அது; ஈயம் பிடிக்காது, ஷீல்டும் இல்லாததால் இரையும். மூடி இறுகியிருந்தால் ரப்பர் கையுறை போட்டுத் திருகிப் பாருங்கள். குறடு வைத்தால் பேக்கலைட் உடைந்துவிடும்.

எனக்கு இன்னும் கரகரப்பு வேண்டும். கார்பன் மைக்குக்கு எப்படி இணைப்பு கொடுப்பது?
- வாசகி, மதுரை

அந்தச் சத்தம் கார்பனில்தான் இருக்கிறது. தகடு அசையும்போது உள்ளே கரித்துகள்கள் நெருங்கி விலகுவதால் மின்தடை மாறுகிறது; அதன் வழியே ஓடும் மின்சாரம் குரலுக்கேற்ப ஏறி இறங்குகிறது. ஆகவே பேட்டரி இல்லாமல் அது பேசாது.

9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனை மைக்கின் ஒரு தொடர்புக்கு. மைக்கின் மற்றத் தொடர்பு பேட்டரி நெகட்டிவுக்கும் வலைக்கம்பிக்கும். ரெசிஸ்டரும் மைக்கும் சேரும் இடத்திலிருந்து 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக நடுக்கம்பிக்கு எடுங்கள். முனை பார்த்து இணைக்க வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் வகை என்றால் பாசிட்டிவ் முனை மைக் பக்கம். மைக் 100 ஓம் அளவு இருந்தால் 16 மில்லிஆம்பியர் ஓடும். ரெசிஸ்டரை விட்டுவிட்டு நேராகக் கொடுத்தால் துகள்கள் கருகி, அதன்பின் ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் மிஞ்சும்.

கரித்துகள் அடைத்த வட்ட டப்பாதான் கேப்ஸ்யூல்; அதில் ஈயம் வைக்காதீர்கள். அது ஸ்பிரிங் தகடுகளின் மேல் சும்மா உட்காரும் பொருள். அந்தத் தகடுகளில் வயரை மாட்டினால் போதும்.

இதன் சத்தம் பெரியது. மைக் இன்புட்டில் செருகினால் கிழியும், ஆக்ஸ் அல்லது லைன் இன்புட்டில் செருகுங்கள். மைக் இன்புட் மட்டுமே இருக்கிறதென்றால் நடுக்கம்பியில் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன்பின் நடுக்கம்பிக்கும் வலைக்கும் குறுக்கே 100 ஓம் போட்டால் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறையும். கெப்பாசிட்டரை 0.047 மைக்ரோஃபாரட் ஆக்கிப் பாருங்கள். 10 கிலோ ஓம் இன்புட்டில் சுமார் 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசை தேய்ந்துவிடும், டிரங்க் கால் கேட்பது போலவே இருக்கும். டெலிபோன் லைன் கடத்துவதே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதானே.

சுவிட்ச் அவசியம். மறந்துவிட்டால் இரண்டு நாளில் பேட்டரி காலி. வால்யூமைக் குறைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கர் ‘டப்’ என்று அதிரும்.

எல்லாம் சரியாக இணைத்தும் சத்தம் மங்கலாக வருகிறது. சில நேரம் வருவதே இல்லை.
- வாசகர், திருநெல்வேலி

கரித்துகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும். வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலும் ஈரம் ஏறினாலும் இப்படி ஆகும். சுவிட்சை அணைத்துவிட்டு, கேப்ஸ்யூலைக் கையில் பிடித்து மேசை விளிம்பில் மெல்ல நாலு தட்டு தட்டுங்கள். காதருகே குலுக்கினால் மணல் போல ஓட வேண்டும். ஈரம் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் இரண்டு நாள் மூடி வையுங்கள். பாடும்போது எச்சில் ஆவி போகாமலிருக்க, துளை மூடிக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று வைத்தால் நல்லது.

குலுக்கினால் சத்தமே இல்லை, பட்டன் அளவில் இரண்டு கால் கொண்ட சின்ன டப்பா என்றால் அது கார்பன் அல்ல, எலக்ட்ரெட் என்ற வேறு வகை மைக். பிந்தைய புஷ் பட்டன் போன்களில் இதுதான். சத்தம் தெளிவாக வரும். நீங்கள் தேடுவது அதுவல்ல.

மேடையில் பிடித்தால் ‘கூ’ என்று ஊளையிடுகிறது.
- வாசகர், கோயம்புத்தூர்

கார்பன் மைக்கை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள், அது பதிவுக்கு. மேடைக்குக் காதுப் பக்கம் போதும். அதிலும் சில சுருதிகள் மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கும், ஊளை அங்கேதான் பிறக்கிறது. மிக்ஸரில் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்து, உதடு ஒட்டும் அளவுக்கு நெருங்கிப் பாடுங்கள்.

வழக்கமான மைக்கோடு சேர்த்துக் கட்டி இரண்டையும் கலந்தால் வார்த்தை புரியும், கரகரப்பும் கிடைக்கும். கலக்கும்போது குரல் மெலிந்தால் காதுப் பக்கத்தின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்.

இரைச்சலும் இருக்கிறதா? ரிசீவரைத் திருப்பத் திருப்ப அது ஏறி இறங்கினால், காயில் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. ஷீல்டு அதற்கு உதவாது, அடாப்டரையும் ஆம்பிளிஃபயரையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மொபைலில் நேராகப் பதிவு செய்யப் பார்த்தேன். செருகியதும் வாய்ஸ் அசிஸ்டன்ட் திறக்கிறது.
- வாசகி, சென்னை

காதுப் பக்கக் காயில் 150 ஓம் அளவு இருக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் அதை ஹெட்செட்டின் பட்டன் என்று எடுத்துக்கொள்கின்றன. மைக் என்று நம்ப 1000 ஓமுக்கு மேல் தெரிய வேண்டும். நான்கு உலோக வளையங்கள் கொண்ட ஜாக்கில் மைக் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். காயிலின் ஒரு முனையை 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக அதே மைக் முனைக்குக் கொண்டுவாருங்கள், கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் போன் பக்கம்; காயிலின் மறுமுனை கிரவுண்டுக்கு. இப்போதைய ஜாக்குகளில் மைக் கடைசி (வயர் பக்க) வளையம், கிரவுண்டு அதற்கு முந்தையது. ரிச்சி தெருவில் இந்த ஜாக் வாங்கும்போது கம்பி இணைக்கும் கால்கள் நான்கு இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் பழைய வால்வு ரேடியோ இருக்கிறது. கிராமபோன் செருகும் துளையில் இந்த மைக்கைச் செருகலாமா?
- வாசகர், காரைக்குடி

கார்பன் மைக்கின் சத்தம் அதற்குப் பொருத்தம்தான். ஆனால் முதலில் ரேடியோவின் பின்பக்கம் பாருங்கள். ஏசி/டிசி என்று போட்டிருந்தால் உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. கரண்டின் ஒரு கம்பி சேசிஸோடு, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தோடு, நேராகச் சேர்ந்திருக்கும். மைக்கின் வலைக்கம்பி வழியாக 230 வோல்ட் உங்கள் உதடுவரை வரும். அந்த வகை ரேடியோவில் எதையும் செருக வேண்டாம். ஏசி மட்டும் என்று இருந்தாலும், தெரிந்த மெக்கானிக் ஒருவர் டிரான்ஸ்ஃபார்மரையும் இன்சுலேஷனையும் பார்த்துச் சொன்ன பிறகே செருகுங்கள்.