அப்பா இறந்த பிறகும் அவர் வருவதுபோலவே இருக்கிறதே, இது மனநோயா?

அப்பா இறந்து நான்கு மாதமாகியும் வண்டிச் சத்தம் கேட்டால் அவர்தான் என்று எழுந்துவிடுகிறேன், அம்மாவிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. எனக்கும் இதேதான் நடந்தது.

என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் அவருக்கு மட்டும் சீனி போடாத காபி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் ஊர் திரும்பியபின் ஒரு நாள், வழக்கம்போல அதைத் தனியாக ஆற்றித் திண்ணைவரை கொண்டுபோய்விட்டேன். நாற்காலியில் அவருடைய துண்டு மடித்தபடி கிடந்தது. டம்ளர் விரலைச் சுட்ட பிறகுதான் உறைத்தது. எடுத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வராத நான் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அடுத்து என்ன வரும் என்று மூளை எந்நேரமும் முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்குமாம். முப்பது வருடம் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்தவரை அது எதிர்பார்க்கத்தானே செய்யும்? இறந்துவிட்டார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழக்கம், அவர் இல்லாத காலைகள் எத்தனையோ கடந்த பிறகுதான் மெல்ல விடும்.

வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஓர் அனுபவம் இருந்திருக்கிறது, அதில் அதிகம் இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோன்ற உணர்வுதான். சிலருக்குக் குரலே கேட்டிருக்கிறது. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் இது அதிகம். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், வேலைக்குப் போகவோ மனிதர்களைப் பார்க்கவோ முடியாமல் கிடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் அதை நீடித்த துயரக் கோளாறு என்று வகைப்படுத்தியிருக்கிறது. சாக வேண்டும்போல் தோன்றினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள்.

அம்மாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். காபி விஷயத்தை நான் சொன்னதும், எங்கள் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அப்பா வந்து போடுவார் என்று தினமும் கதவுக் கொக்கியைப் போடாமலே படுத்துவிட்டு, நடு ராத்திரியில் எழுந்து போய்ப் போடுவதாகச் சொன்னார்.