கலியாண வீட்டில் காணாத அருந்ததி

கடிதம்:

வணக்கம் அண்ணா,
போன தையில் எனக்குக் கலியாணம். பகல் பதினொரு மணிக்கு ஐயர் வடக்குப் பக்கம் கூட்டிப்போய் "அருந்ததி தெரியுதா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன், பொய்தான். போன கிழமை இரவு மனைவியோடு கசூரினா கடற்கரைக்குப் போய் பைனாகுலரில் பார்த்தேன். வசிட்டருக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்! மங்கலானதுதான் அருந்ததியா? வெறுங்கண்ணுக்கு அது தெரியவே இல்லை.
காரைநகர் வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

மங்கலானது வேறு ஆள். அருந்ததியின் ஒளித்தரம் 4, வசிட்டருடையது 2. எண் ஏற ஏற ஒளி குறையும். நீங்கள் கண்ட மூன்றாமவர் ஏறத்தாழ 8. வெறுங்கண்ணுக்கு 6தான் எல்லை. இவர் ஏமாற்றிய முதல் ஆள் நீங்கள் இல்லை. 1722இல் ஜெர்மனியின் கீசன் நகரப் பேராசிரியர் லீப்னெக்ட் இதைப் புதுக் கிரகம் என்று நம்பி, தன் அரசர் லூட்விக்கின் பெயரையே சூட்டிவிட்டார். உண்மையில் அது பின்னால் வெகுதூரத்தில் கிடக்கும் சம்பந்தமில்லாத விண்மீன்.

அருந்ததிக்குப் பைனாகுலர் வேண்டாம். வைகாசிக் கடைசியில் இரவு 9 மணியளவில் வடக்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த அகப்பை மாதிரி நிற்கும். வலப்பக்கக் காம்பில் மூன்று மீன்கள், நடுவில் வசிட்டர். அவருக்கு வலப்புறம், சற்றுக் கீழே, நிலாவின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு தள்ளி அருந்ததி. பெரியதைக் காட்டிச் சின்னதுக்குக் கூட்டிப்போகும் இந்த முறைக்கு 'அருந்ததி நியாயம்' என்றே பழைய பெயர் உண்டு.

நேரே முறைத்துப் பார்க்காதீர்கள். விழித்திரையின் நட்டநடுவில் மங்கல் ஒளியை உணரும் கலங்கள் இல்லை, சுற்றித்தான் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் கடைக்கண்ணில் வந்து நிற்பாள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். நான் முதல்தரம் போனபோது ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் போனில் வான்படத்தைத் திறந்து பார்த்து, நுளம்புக்கடியோடு மட்டும் வீடு திரும்பினேன். டோர்ச் தேவையென்றால் பட்டம் ஒட்டும் சிவப்புத் தாளைச் சுற்றுங்கள்.

ஐயரையும் குறை சொல்லேன். தையில் அந்த நேரம் அருந்ததி வடமேற்கே அடிவானத்தை ஒட்டி இறங்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள், வெயில்தான் மறைத்தது.

பறுவம் கழிந்து ஐந்தாறு நாள் விட்டுப் போங்கள், நிலா பிந்தித்தான் எழும்.