கிரேன்: பறவையா, இயந்திரமா?

தண்டையார்பேட்டை மாணவி: ஆங்கிலப் பாடத்தில் 'கிரேன்' என்றால் ஒரு பறவை என்று வருகிறது. துறைமுகத்தில் நிற்கிற கிரேனும் இதுவும் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான் அம்மா. பறவைதான் மூத்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர் 'கிரான்'. அதன் கரகரத்த குரலை ஒட்டிப் பிறந்த பெயர் என்பார்கள். ராயபுரம் பக்கம் போனால் துறைமுகக் கிரேனை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒல்லியான உயரமான கால், வானத்துக்கு நீட்டிய கழுத்து, நுனியில் தொங்கும் கொக்கி. பெயர்க் காரணம் தானே விளங்கும்.

கிரேக்கர்களுக்கும் 'கெரனோஸ்' என்றால் பறவை, பாரம் தூக்கும் கருவி இரண்டும்தான். பிரெஞ்சில் 'குரூ'வும் அப்படியே. பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு இருந்தார்களே டச்சுக்காரர்கள், அவர்கள் மொழியில் 'கிரான்' என்றால் தூக்கும் கருவி. தண்ணீர்க் குழாய்க்கும் அதே பெயர்!

காசிமேடு மீனவர்: அப்போ எங்கள் படகு விளிம்பில் மீனுக்காகக் காத்திருக்கும் வெள்ளைக் கொக்குதான் கிரேனா?

பதில்: இல்லை அண்ணா. அதை ஆங்கிலத்தில் 'ஈக்ரெட்' என்பார்கள். கிரேனுக்குக் கொக்கு என்று எழுதிவிடுவதால் வரும் குழப்பம் இது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பறக்கும்போது கவனியுங்கள். நம் கொக்கு கழுத்தை மடித்துத் தோளோடு ஒடுக்கிக்கொள்ளும். கிரேன் கழுத்தை நேராக நீட்டியபடி பறக்கும். வட இந்திய வயல்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் சாரஸ்தான் உண்மையான கிரேன். பறக்கும் பறவைகளிலேயே அதிக உயரம் அதுதான்.

திருவொற்றியூர் வாசகர்: இதை வினைச்சொல்லாகவும் சொல்வார்களா?

பதில்: சொல்வார்கள். மாசித் தேர் வரும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்போமே, அதற்கும் கிரேன்தான்.

மூலக்கடை வாசகர்: இந்தப் பறவையால் வேறு சொல் ஏதும் வந்ததா?

பதில்: நாய்க்குட்டி விற்பவர் அதன் வம்சாவளியை 'பெடிகிரி' என்பாரே, அந்தச் சொல் இந்தப் பறவையின் பாதம்! பழைய பிரெஞ்சில் 'இந்தப் பறவையின் கால்' என்று பொருள். வம்சாவளி எழுதும்போது ஒரு பெயரிலிருந்து பிள்ளைகளுக்குப் பிரியும் மூன்று கோடுகள், சேற்றில் பதிந்த அதன் காலடி போல இருந்தன. ஜெரேனியம் செடிக்கும் இதே பறவைதான் பெயர் கொடுத்தது. காய் அலகு மாதிரி நீண்டிருக்கும்.

எண்ணூர் கிரேன் ஓட்டுநர்: 'பாரந்தூக்கி' என்ற தமிழ்ச் சொல்லை நாங்கள் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டுமா?

பதில்: அருமையான சொல் சார். அவர்கள் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், தமிழில் செய்யும் வேலையைப் பார்த்து வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், எழுதும்போதும் எழுதுங்கள். வேலை நேரத்தில் மட்டும் கிரேன் என்றே சொல்லுங்கள். கீழே கொக்கி மாட்டுகிறவருக்குச் சட்டென்று புரிய வேண்டும்.