குழாயில் சாக்கடை நாற்றம்: மனித உரிமை ஆணையத்துக்குப் போகும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சென்னை கொருக்குப்பேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் ஆறேழு மாதமாகக் குடிநீரில் சாக்கடை நாற்றம். பத்துப் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்து அலைகிறோம். பதிவு செய்த சங்கம் இல்லை. கொடுக்கும் மனுவெல்லாம் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்து வைக்கப்படுகிறது. மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாமா? ஐ.நா.வுக்கே எழுதலாம் என்கிறார் ஒருவர். எதை முதலில் செய்வது?

பதில்: போகலாம். பதிவு தேவையில்லை, கட்டணமும் கிடையாது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறு யாருமோ மனு கொடுக்க மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993 இடம் தருகிறது. ஆனால் பழைய மனுக்களின் நகலை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு இன்றைக்கே போனால் நடக்கப்போவது இதுதான்: ஆணையம் குடிநீர் வாரியத்திடம் அறிக்கை கேட்கும், "பழுது சரிசெய்யப்பட்டது" என்று பதில் வரும், கோப்பு மூடப்படும்.

அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவைக் கவனியுங்கள். அரசு ஊழியர் செய்யும் உரிமை மீறலை மட்டுமல்ல, மீறலைத் தடுக்காமல் விட்ட அவருடைய அலட்சியத்தையும் ஆணையம் விசாரிக்கலாம். உங்களுடையது இந்த இரண்டாவது வகை. தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று நிரூபித்தால் பாதி வேலைதான் முடியும். அது அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதே மீதிப் பாதி. பெரும்பாலான மனுக்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி புகார் எண். ஒரே மனுவில் நாற்பது கையெழுத்து வாங்கினால் அது ஒரு புகார். நாற்பது வீட்டிலிருந்தும் தனித்தனியாக வாரியத்தின் புகார்த் தொலைபேசி 1916க்குப் பேசினால் நாற்பது புகார், நாற்பது தேதி. ஒரு கோடு போட்ட நோட்டில் தண்ணீர் விட்ட நேரம், நிறம், நாற்றம், நுரை, புகார் எண், யார் வந்து பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று நாள்தோறும் எழுதுங்கள். ஜெட்ராடிங் வண்டி வந்து சாக்கடை அடைப்பை எடுத்துவிட்டுப் போனார்களா, ரோட்டை வெட்டிக் குடிநீர்க் குழாயைப் பார்த்தார்களா என்பதைப் பிரித்து எழுதுவது முக்கியம். அடைப்பை எடுத்தால் நாலு நாள் நாற்றம் குறையும், குழாயின் ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஆனால் இரண்டுமே தாளில் "நடவடிக்கை" என்றுதான் பதிவாகும்.

அடுத்தது தண்ணீர்ப் பரிசோதனை. இதில்தான் அதிகமாகச் சொதப்புகிறார்கள். தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்தில் கசியும் கழிவுநீர் துரு ஏறிய இணைப்பின் ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிடம் வருவது அதுதான். ஆகவே "ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள்" என்ற வழக்கமான அறிவுரையை மட்டும் பின்பற்றினால் அறிக்கை சுத்தம் என்று வந்துவிடக்கூடும். இரண்டு மாதிரி எடுங்கள்: வந்தவுடன் ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்று. இரண்டையும் தெரு இணைப்பிலிருந்து நேராக, அல்லது அந்த இணைப்பிலுள்ள அடி பம்பிலிருந்து பிடிக்க வேண்டும். சம்பிலிருந்தோ சிண்டெக்ஸிலிருந்தோ எடுத்த மாதிரி உதவாது. "உங்கள் தொட்டிதான் அசுத்தம்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இன்னொன்று: தெருவில் யாராவது இணைப்பில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் கழிவுநீரும் சேர்ந்து இழுபடும். வாரியம் முதலில் விரல் நீட்டப்போவது அந்த மோட்டாரைத்தான், அதுவும் நியாயமாகவே. மாதிரி எடுப்பதற்கு முன்பே அதைக் கழற்ற வையுங்கள்.

பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். கிண்டி கிங் நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் குடிநீர்ப் பரிசோதனை உண்டு. எந்த நாளில் மாதிரி வாங்குவார்கள், கட்டணம் எவ்வளவு என்பதை முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலுக்குள் சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் இருக்கும், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீரிலுள்ள குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடாமல் தடுப்பது அதுதான். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு போவது வீண். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடப் பாருங்கள். 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500:2012. அதன்படி 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) இருக்கவே கூடாது. எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லி கிராம் வேண்டும். மனுவில் இந்த இரண்டு எண்களையும் உங்கள் அறிக்கையின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும்.

வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை வந்தவர்கள் இருந்தால் ஸ்டான்லியிலோ தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையிலோ கொடுத்த ஓ.பி. சீட்டின் நகலை அவர்கள் சம்மதத்தோடு வாங்குங்கள். பத்திரிகைக்குக் கொடுக்கும் பிரதியில் பெயரை மறைத்துவிடுங்கள்.

இதோடு சேர்த்துத் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றும் போக வேண்டும். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். குழுவின் பெயரில் அனுப்ப வேண்டாம். தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு என்பதால் சங்கத்தின் பெயரைப் பார்த்ததும் திருப்புவதுண்டு. ஒருவர் தன் பெயரில் கையெழுத்துப் போடட்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று பதில் வரும். பதிவேட்டைக் கேளுங்கள்: எங்கள் தெருவில் கடந்த ஓராண்டில் குளோரின் சோதித்த பதிவேட்டின் நகல், இத்தனை முதல் இத்தனை தேதி வரையிலான புகார்ப் பதிவேட்டின் நகல், ஒவ்வொரு புகாரும் முடித்து வைக்கப்பட்ட தேதியோடு, குழாய் பதித்த ஆண்டு, மாற்றுவதற்கு மதிப்பீடு தயாரித்திருந்தால் அதன் நகல். "மதிப்பீடு அனுப்பப்பட்டுள்ளது, நிதி ஒதுக்கப்படவில்லை" என்று வந்தால் வருத்தப்படாதீர்கள். தெரிந்திருந்தது என்று அவர்களே எழுதிக் கொடுத்த தாள் அது. நிதி இல்லை என்பது அடிப்படைச் சுகாதாரக் கடமையைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது என்று ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

இனி ஆணையத்துக்கான மனு. தண்ணீர் மாநில விவகாரம், ஆகவே கிரீன்வேஸ் சாலையிலுள்ள மாநில மனித உரிமைகள் ஆணையமே சரியான இடம். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பினால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. ஒரு மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. வேறொரு அதிகாரிக்கு எழுதிய மனுவின் நகலை வெறுமனே அனுப்பினால் அதையும் வழக்கமாக ஏற்பதில்லை. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்துக்கும் அதே கதி. நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்தால் விசாரணை இல்லை என்பதால், பிரச்சினை தொடங்கிய தேதியோடு மிக அண்மையில் அசுத்தத் தண்ணீர் வந்த தேதியையும் மனுவின் முதல் பத்தியிலேயே போடுங்கள்.

இரண்டு பக்கம் போதும். எந்தப் பதவியில் இருப்பவர், எந்தத் தேதியில் அறிந்தார், எதைச் செய்யவில்லை. அதன் பிறகு உங்களுக்கு என்ன வேண்டும். சட்டப் பகுதிக்கு மூன்று வரி: மாசற்ற நீர் அரசமைப்பின் 21ஆவது பிரிவிலுள்ள வாழ்வுரிமையில் அடக்கம் என்ற 1991ஆம் ஆண்டு சுபாஷ் குமார் தீர்ப்பு, இந்தியா 1979இல் ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கை, பாதுகாப்பான நீரை உரிமையாக விளக்கும் அதன் குழுவின் 2002ஆம் ஆண்டுப் பொதுக் கருத்துரை எண் 15. கோரிக்கையில் "தக்க நடவடிக்கை" என்று எழுதவே எழுதாதீர்கள், தக்கது எது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். குறிப்பிட்ட நீளத்துக்குக் குழாய் மாற்றம், அதுவரை தினமும் லாரி தண்ணீர், வாரம் ஒருமுறை சோதனை முடிவைத் தெருவில் ஒட்டுதல், நோயுற்றவர்களுக்கு இழப்பீடு என்று எண்ணி எழுதுங்கள். விசாரணை முடிவதற்குள் இடைக்கால நிவாரணத்துக்குப் பரிந்துரைக்கவும் 18ஆவது பிரிவு இடம் தருகிறது; லாரி தண்ணீரை அதன் கீழ்க் கேட்கலாம்.

வாரியத்தின் அறிக்கை வந்ததும் அதன் நகலை அனுப்பி உங்கள் கருத்தைக் கேட்பார்கள். குழுக்கள் தூங்கிப்போவது இந்தக் கட்டத்தில்தான். சொன்ன தேதிக்குள் பதில் போகாவிட்டால் உங்களுக்குச் சொல்ல எதுவுமில்லை என்று பொருள். "பழுது சரிசெய்யப்பட்டது" என்று அவர்கள் எழுதிய தேதிக்குப் பிறகு எடுத்த புதிய மாதிரியின் அறிக்கை ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்த ஒரு தாளே அவர்களின் பத்துப் பக்கத்துக்குப் பதில்.

ஆணையத்தின் பரிந்துரையை அரசு கிடப்பில் போட்டால்? பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் காட்டி, பரிந்துரையை நிறைவேற்றும்படி அரசுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தரும்.

ஐ.நா. விஷயம் கடைசியில். உடன்படிக்கைகளின் கீழ்த் தனிநபர் புகார் கொடுக்கும் நெறிமுறைகளை இந்தியா ஏற்கவில்லை. ஆகவே உங்கள் தெருவுக்கான தீர்ப்பு ஜெனிவாவிலிருந்து வராது. குடிநீர், சுகாதாரத்துக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதலாம். அவர் அரசிடம் விளக்கம் கேட்கக்கூடும். இன்னொரு வழி, ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா.வில் பிற நாடுகள் அலசும், நாலரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலகளாவிய காலமுறை மீளாய்வு. இந்தியாவின் முறை கடைசியாக 2022 நவம்பரில் வந்தது. அதற்குக் குடிமைச் சமூக அமைப்புகள் அறிக்கை தரலாம்: தனி அமைப்புக்கு 2,815 சொல், கூட்டறிக்கைக்கு 5,630 சொல் வரை. ஒரு தெருவின் புகார் தனியாக அங்கே எடுபடாது. கூட்டறிக்கை தயாரிக்கும் அமைப்புகளிடம் உங்கள் புகார்ப் பதிவேடு, ஆய்வறிக்கை, தகவல் உரிமைப் பதில் மூன்றையும் கொடுங்கள். அதில் ஒரு பத்தியாக நுழைந்தால் போதும்.

சங்கத்தைப் பதிவு செய்யும் வேலையை இப்போது தொட வேண்டாம். வங்கிக் கணக்கு தொடங்கிப் பணம் திரட்டும் நிலை வரும்போது ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொள்ளலாம். அதுவரை நோட்டை வைத்திருப்பவர் ஒருவர், மாதிரி எடுப்பவர் ஒருவர், தேதிகளைக் கவனிப்பவர் ஒருவர் என்று மூவர் பொறுப்பேற்றால் வேலை நடக்கும்.