ஒரே ஒரு குட்டிப் புரதத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகத்தான் நினைத்தேன். ஆனால் ஏற்கெனவே ஒருவர் "மானியத்தைச் செலவழிக்க ஒரு வழி, அவ்வளவுதான்" என்று பதில் போட்டிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட ஆதரவு வாக்குகள் வேறு. அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கேட்டிருக்கும் தொனியை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் யாரோ பிஎச்டி செய்கிறார்கள், "சிறு ஜிடிபேஸ்" என்று ஏதோ சொல்கிறார்கள், எப்போது முடியும் என்று கேட்டால் எரிந்து விழுகிறார்கள். ஊகம் தவறென்றால் மன்னித்துவிடுங்கள். நானும் அப்படி எரிந்து விழுந்த ஆள்தான்.

முதலில், இது ஒற்றைப் புரதம் இல்லை, பெரிய குடும்பம். மனித செல்லில் 150-க்கும் மேற்பட்ட சிறு ஜிடிபேஸ்கள் உண்டு. ராஸ், ரோ, ராப், ஆர்ஃப், ரான் என்று ஐந்து கிளைகள். செல் பெருகலாமா, எந்தப் பக்கம் நகர்வது, சரக்கு ஏற்றிய நுண்பை எந்தச் சவ்வில் போய்ச் சேர்வது, உட்கருவுக்குள் எது போகலாம் என்பதெல்லாம் இவற்றின் பொறுப்பு. குவானோசின் ட்ரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு ஒட்டியிருந்தால் புரதம் விழித்திருக்கும், வேலை நடக்கும். ஒரு பாஸ்பேட் வெட்டப்பட்டு டைபாஸ்பேட் ஆனதும் ஓய்வு. தானாக வெட்டிக்கொள்வது படு மந்தமாக நடக்கும் என்பதால் அதை முடுக்கிவிட "கேப்" என்று ஒரு கூட்டம். பழைய டைபாஸ்பேட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ட்ரைபாஸ்பேட் ஏற வழிசெய்ய "ஜெஃப்" என்று இன்னொரு கூட்டம். பாடப்புத்தகம் இத்துடன் நின்றுவிடும். எங்கள் பிழைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நான் வேலை செய்தது ரோ கிளையில் இருக்கும் ராக் என்ற புரதத்தில். 1992-இல் ஆலன் ஹாலும் ஆன் ரிட்லியும் சீரம் என்ற ஊட்டம் இல்லாமல் பட்டினி போட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களுக்குள் இவற்றை ஊசிவழி செலுத்திப் பார்த்தார்கள். ரோ உள்ளே போனதும் செல்லுக்குள் ஆக்டின் என்ற சட்டகப் புரதத்தின் தடித்த இழைகள் திரண்டன. ராக் போனதும் ஓரங்கள் மடிப்பு மடிப்பாக அலையடித்தன. சில ஆண்டுகளில் அதே கிளையைச் சேர்ந்த சிடிசி42 விரல் போன்ற நீட்சிகளை எழுப்புகிறது என்பதும் வெளிவந்தது. செல்லின் வடிவத்தை மூன்று புரதங்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. மாணவப் பருவத்தில் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

என் ஆய்வு ராக்கை எழுப்பும் ஒரு ஜெஃப் பற்றியது. (எது என்று சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், விடுங்கள்.) அதை செல்லில் குறைத்தால் ராக்கின் செயல்பாடும் குறைய வேண்டும். இதற்குப் புல்-டவுன் என்று ஒரு முறை இருக்கிறது. பாக் என்ற புரதத்தில் ஒரு துண்டு, ராக் விழித்திருந்தால் மட்டும்தான் அதைப் பிடிக்கும். அந்தத் துண்டை நுண்மணிகளில் ஒட்டிவைத்து, செல்களை உடைத்த சாற்றில் போட்டு, மாட்டியதை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் முறை) பார்க்க வேண்டும். படிக்க எளிது. செய்யும்போது செல்கள் வளர்ந்த தட்டைப் பனிக்கட்டியில் வைத்த நொடியிலிருந்து ஓட்டம்தான், ஏனென்றால் செல் உடைந்த பிறகும் சாற்றில் இருக்கும் கேப்கள் தம் வேலையைத் தொடரும். நாம் தாமதித்தால் விழித்திருந்த ராக் எல்லாம் குளிர் அறையிலேயே தூங்கிவிடும்.

எனக்கு வந்த விடை: மாற்றம் இல்லை. ஜெஃப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ராக்கின் எடையான 21 கிலோடால்டன் அருகே அதே தடிமனில் ஒரு பட்டை. வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஜெஃப் ராக்குக்கு வேலை செய்யவில்லை, வேறு தலைப்பு பார்ப்போம்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தத் தரவை வைத்து யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் நுண்ணோக்கியில் செல்கள் வேறு மாதிரி நடந்துகொண்டன. சாதாரண செல் ஒரு முனையை முன்னே நீட்டி, நீட்டிய திசையிலேயே போகும். ஜெஃப் குறைந்த செல் நாலா பக்கமும் ஓரத்தை நீட்டி, நின்ற இடத்திலேயே தவித்தது. மாற்றம் இல்லை என்றால் இது என்ன? புல்-டவுன் ஒரு தட்டில் இருக்கும் எல்லா செல்களையும் உடைத்துக் கலக்கி ஒரு மொத்தத்தைத் தருகிறது. ஊர் முழுக்க எரிந்த மின்சாரத்தின் அளவை வைத்து எந்தத் தெருவில் விளக்கு எரிந்தது என்று சொல்ல முடியுமா?

ஆகவே ஃபிரெட் உணரிக்குப் போனேன். ராக் விழித்தால் இரண்டு ஒளிர் புரதங்கள் அருகருகே வந்து ஒன்றின் ஆற்றல் மற்றொன்றுக்குத் தாவும். அந்த விகிதத்தை உயிருள்ள செல்லில் புள்ளி புள்ளியாக அளக்கலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2009-இலேயே மச்சாசெக் என்ற ஆய்வாளரின் குழு இப்படித்தான் நகரும் செல்லின் விளிம்பை அளந்தது. விளிம்பு முன்னேறும் அதே கணத்தில் அங்கே ரோ-ஏ (ரோவில் ஒரு வகை) விழிக்கிறது. ராக்கும் சிடிசி42-உம் சுமார் 2 மைக்ரோமீட்டர் பின்னால், ஏறத்தாழ 40 நொடி கழித்து விழிக்கின்றன. செல் உயிரியலில் நொடிக்கணக்கில் இவ்வளவு துல்லியமாகப் பேச முடியும் என்று அதைப் படித்தபோதுதான் நம்பினேன்.

என் செல்களில் விடை உடனே வரவில்லை. ஒளியைக் கூட்டினால் செல் சுருங்கிச் சாகும், குறைத்தால் படம் இரைச்சல். உணரியை அதிகம் ஊட்டினால் அதுவே செல்லின் நடத்தையைக் கெடுத்துவிடும். பெரும்பாலான இரவுகள் இருட்டறையில் போயின. கடைசியில் வந்த படம் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. சாதாரண செல்லில் ராக்கின் செயல்பாடு முன்விளிம்பில் ஒரு பட்டையாக நின்றது. ஜெஃப் குறைந்த செல்லில் அதே அளவு செயல்பாடு ஓரம் முழுவதும் பரவிக் கிடந்தது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஒன்றுதான். புல்-டவுனும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஜெஃப்பின் வேலை ராக்கை எவ்வளவு எழுப்புவது என்பதில் இல்லை, எங்கே எழுப்புவது என்பதில் இருந்தது. வழிகாட்டி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தலைப்பு இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வரிக்காக நான் இன்னும் கொஞ்சம் கர்வப்படுகிறேன். பட்டுவிட்டுப் போகிறேன், என்ன இப்போது?

இடையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை. ஆன்டிபாடி (பிளாட்டில் நமக்கு வேண்டிய புரதத்தைப் பிடித்துக் காட்டும் பொருள்) விற்பவர்கள். ராக்கின் வகைகளான ராக்1, ராக்2, ராக்3 மூன்றுக்கும் அமினோ அமில வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதில் ஒன்றை மட்டும் பிடிக்கும் என்று சீட்டு ஒட்டி ஒரு சிமிழ் வரும். முதல் தொகுதி நன்றாக இருக்கும். அதே எண், அதே விலை, அடுத்த தொகுதி வந்ததும் பிளாட் முழுக்க மேலிருந்து கீழ்வரை பட்டைகள். எழுதிக் கேட்டால், "மாதிரியைத் தயாரித்த விதத்தைச் சரிபார்க்கவும்" என்று பதில். பழைய தொகுதியில் சரியாக வந்த அதே மாதிரி ஐயா! பணத்தையும் திருப்பித் தரவில்லை. உங்கள் வீட்டு ஆள் தாமதிப்பதற்கு இப்படி ஒரு சிமிழும் காரணமாக இருக்கலாம்.

சரி, பயன். ராக் செல் நகர்வில் இருப்பதால் புற்று பரவுவதோடு தொடர்பு உண்டு என்று நான் சொன்னால், "எல்லோரும் மானிய விண்ணப்பத்தில் எழுதும் வரிதானே" என்று யாராவது வருவார்கள். ஆகவே என்னுடையதை விட்டு, அண்ணன் முறையான ராஸைச் சொல்கிறேன். 1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுசெல்லில் ராஸ் மரபணுவின் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் 12-ஆம் இடத்தில் இருந்த கிளைசின் வாலினாகிவிட்டது. கிளைசினுக்குப் பக்கக்கிளை கிடையாது. அங்கே வாலின் வந்து உட்கார்ந்தால் கேப் தன் விரலை நுழைக்க இடமில்லை. பாஸ்பேட் வெட்டப்படாது, ராஸ் விழித்தபடியே கிடக்கும். மருந்து செய்துவிடலாம் என்று உடனே கிளம்பினார்கள். ராஸோ ட்ரைபாஸ்பேட்டைப் பிகோமோலார் பற்றோடு, அதாவது மிக மிக இறுக்கமாக, பிடித்துக்கொள்கிறது, செல்லில் அந்த மூலக்கூறுக்குப் பஞ்சமே இல்லை. அதைத் தள்ளிவிட்டு உட்காரும் மருந்து எப்படி வரும்? மற்றபடி மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது. "மருந்துக்கு அகப்படாதது" என்றே முத்திரை குத்திவிட்டார்கள். 2013-இல் கெவன் ஷோகாட்டின் குழு, ராஸ்களில் ஒன்றான கே-ராஸில் 12-ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்த வகையில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பள்ளத்தைக் காட்டியது. 2021-இல் அந்தப் பள்ளத்தில் உட்காரும் சோட்டோராசிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1982-க்கும் 2021-க்கும் இடையில் எத்தனை பேரின் பிஎச்டி போயிருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

இது எல்லாப் புற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. சிஸ்டீன் வகைக்கு மட்டும்தான். கணையப் புற்றில் அதிகம் காணப்படும் ஜி12டி பிறழ்வுக்கு (அதே 12-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வருவது) அது உதவாது. எடுத்துக்கொள்பவர்களிலும் பலருக்குப் புற்று, மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன், பின்னூட்டத்தில் வந்து சொல்லித்தர வேண்டாம்.

புல்-டவுனை மட்டம் தட்டிவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம். புதிதாக எந்த ஜெஃப் கையில் வந்தாலும் இன்றும் முதலில் அதைத்தான் செய்கிறேன். நுண்ணோக்கி நேரம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.