ரொறன்ரோவில் பழைய ஜப்பான் ஸ்கைலைன் கூபே வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வாங்கலாம். ஆனால் தகரத்தையும் தாள்களையும் பார்த்து வாங்குங்கள், எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். ரொறன்ரோவில் இருப்பதாகவும், சின்ன வயதிலிருந்தே நிசான் நிறுவனத்தின் ஸ்கைலைன் ஆர்33 மேல் ஆசை என்றும், சேர்த்த காசை அதில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே ஆசையோடு அலைந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். 2019இல் ஒரு 1995ஆம் ஆண்டு ஆர்33 ஜிடிஎஸ்25-டி வாங்கினேன். 2.5 லீற்றர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், ஒரு டர்போ, தொழிற்சாலைக் கணக்கில் 250 குதிரைவலு, பின்சக்கர இழுவை. இன்றும் அது என் கராஜில்தான் நிற்கிறது, வாங்கியதில் ஒருநாளும் வருத்தமில்லை. அதற்கு முதல் பார்த்த காரை வாங்கியிருந்தால் நிச்சயம் வருத்தப்பட்டிருப்பேன். அந்தக் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அது வெள்ளைக் கார். பெரிய சில்லு, பெரிய சைலன்சர், மீற்றரில் 79,000 கிலோமீற்றர். நான் போகும்போதே எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து ஓட்டினேன். மூவாயிரம் சுற்றைத் தாண்டியதும் டர்போ இழுத்த இழுவையில் அந்த இடத்திலேயே முற்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டேன். எப்படியோ மனதைப் பிடித்து, விற்பவரையும் கூட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு வாகனங்களைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவர். நான் பொனற்றைத் திறக்கப் போக, "அதைப் பிறகு பாப்பம் தம்பி, முதல்ல காரைத் தூக்குவம்" என்றார்.

தூக்கினால் அடி முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. "இது எப்ப அடிச்சது?" என்று விற்பவரைக் கேட்டார். கறள் பிடிக்காமல் இருக்கப் போன மாதம்தான் அடித்தது என்று பதில் வந்தது. அண்ணை ஸ்குரூடிரைவரின் பிடியால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரத்தை முன்னிருந்து பின்னுக்குத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்ட சத்தம் பின்சில்லுக்குக் கிட்டப் போனதும் மந்தமாகிவிட்டது. ஜக் வைக்கும் இடத்தில் பெருவிரலால் அழுத்தினார். பூச்சு உள்ளே போனது. அதற்குப் பின்னால் தகரமே இல்லை, ஓட்டையைப் புட்டிப் பசையால் நிரப்பி மேலே கறுப்பு அடித்திருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அண்ணை சொன்னது: "எஞ்சின் போனா கழட்டி இன்னொண்டு போடலாம். தகரம் போனா எதை எதோட வெல்ட் பண்ணுறது? தகரம் நல்லா இருக்கிற காரைக் கொண்டு வா, மிச்சத்தை நான் பாக்கிறன்."

அன்றிரவு விற்பவரிடம் அந்தக் காரின் ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழின் படத்தை அனுப்பச் சொன்னேன். அதில் இருந்த எண் 1,43,000. மீற்றரை மாற்றியதாக அதற்குப் பிறகுதான் சொன்னார்.

இந்தச் சான்றிதழ்தான் உங்கள் முதல் ஆயுதம். ஜப்பானில் தனியார் கார் ஒவ்வொன்றும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 'ஷாகென்' என்ற அரசாங்கச் சோதனைக்குப் போக வேண்டும் (புதுக் காருக்கு முதல் சோதனை மூன்று வருடத்தில்). 2004இலிருந்து அந்தச் சோதனையில் மீற்றர் அளவையும் பதிகிறார்கள். காரை நாட்டை விட்டு அனுப்பப் பதிவை நீக்கும்போது கொடுக்கும் சான்றிதழில் அந்த அளவு வந்துவிடும். ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் காட்டினால் போதாது, ஜப்பானிய மூலத்தின் பிரதியைக் கேளுங்கள். ஆர்33 முதலில் பதிவான ஆண்டு ஹெய்செய் என்ற ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதோடு 1988ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும்: ஹெய்செய் 7 என்றால் 1995.

அடுத்தது ஏலத்தாள். ஜப்பானில் பழைய கார்களில் பெரும்பகுதி யூஎஸ்எஸ் போன்ற ஏலக் களங்கள் வழியாகத்தான் கைமாறுகிறது. அங்கே ஒரு பரிசோதகர் காரைப் பார்த்து ஒரு தாளில் மதிப்பெண்ணும், காரின் வரைபடத்தில் குறிகளும் போடுவார். இலங்கையில் ரீகண்டிஷன் வாகனம் வாங்கியவர்களுக்கு இது பழகிய விஷயம். நான் என் காரின் தாளைக் கொழும்பில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன், அவர் தொலைபேசியிலேயே வரி வரியாகப் படித்துச் சொன்னார். ஏ என்றால் கீறல், யூ நெளிவு, டபிள்யூ தட்டித் திருத்திய இடத்தின் அலை, எஸ் கறள், சி அரிப்பு, எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகத்தையே மாற்றியாயிற்று. பக்கத்தில் வரும் எண் கூடக் கூடக் காயம் பெரிது.

மதிப்பெண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். இருபத்தைந்து வயதுக் காருக்கு 3.5 என்பது நேர்மையான மதிப்பெண். என் காருக்கு அதுதான். ஆர் என்று எழுதியிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: ஜப்பானியர் 'ஷூஃபுகு ரெகி' (திருத்த வரலாறு) என்று எழுதுவது எலும்புக்கூட்டில் செய்த திருத்தத்தை மட்டும், அதாவது சட்டம், தூண்கள், கூரை, தரை, டிக்கித் தரை போன்றவை. கதவையும் முன் மட்கார்டையும் ஆணி கழற்றி மாற்றியிருந்தால் அது திருத்த வரலாற்றில் வராது. என் காரின் இடது முன் மட்கார்டில் எக்ஸ்எக்ஸ் இருந்தது. அது எனக்குப் பொருட்டே இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள உள்தகரம் நேராக இருக்கிறதா என்று அரை மணித்தியாலம் பார்த்தோம்.

பரிசோதகரின் கையெழுத்துக் குறிப்பில் இரண்டு சொற்றொடர்களைத் தேடுங்கள். 'ஷிதாமவாரி ஸாபி' என்றால் அடிப்பக்கத்தில் கறள். 'சோகோ ஃபுமெய்' என்றால் ஓடிய தூரம் தெரியாது. தாளின் ஓரத்தை வெட்டி, மங்கலான படமாக அனுப்பினால், வெட்டிய இடத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கறள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஹொக்கைடோவிலும் ஜப்பான் கடல் பக்கத்து மாகாணங்களிலும் பனி கொட்டும், வீதிக்கு உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய கார் அடியில் அரிபட்டிருக்கும். நம் ஒன்ராறியோவின் உப்பு அதைவிடக் குறைந்ததல்ல. ஆகவே கார் கனடாவுக்கு எப்போது வந்தது, எத்தனை பனிக்காலம் வீதியில் ஓடியது என்று கேளுங்கள். எல்லையில் கொடுத்த ஃபோர்ம் 1 என்ற இறக்குமதிப் படிவத்தில் திகதி இருக்கும். பத்து வருடத்துக்கு முன் வந்து பனியில் ஓடிய காரைவிட, போன வருடம் கப்பலில் இறங்கிய காரின் அடி பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஆர்33இல் பார்க்க வேண்டிய இடங்கள்: பின்சில்லு வளைவின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழ்த் தகரம், ஜக் வைக்கும் விளிம்புகள் (பிழையான இடத்தில் ஜக் வைத்து மடங்கியிருந்தால் அங்கிருந்துதான் கறள் ஏறும்), பொனற்றுக்குள் முன் சஸ்பென்ஷன் கோபுரங்களின் தலை, டிக்கியின் கம்பளத்துக்குக் கீழே உள்ள தரை. கம்பளத்தைத் தூக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

எலும்புக்கூட்டு எண்ணையும் (சேஸிஸ் நம்பர்) ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுக் காருக்கு நமக்குப் பழகிய 17 இலக்க எண் கிடையாது. என் காருடையது இசிஆர்33 என்று தொடங்கும். ஸ்கைலைனிலேயே வலுவும் விலையும் கூடிய வகையான ஜிடி-ஆர் என்றால் பிசிஎன்ஆர்33 என்று தொடங்க வேண்டும். ஜிடி-ஆர் சின்னங்களைச் சாதாரண ஸ்கைலைனில் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள், அந்த எண்ணின் முதல் எழுத்துகள் பொய் சொல்லாது. எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் நிறமும் கியர்பொக்ஸும்கூட இருக்கும். ஓட்டோ கியரில் பிறந்த காரை மனுவலாக மாற்றியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். நன்றாக மாற்றியிருந்தால் பரவாயில்லை, ஆனால் விலை குறைய வேண்டும்.

எஞ்சின் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போனவுடன் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நீலப் புகை வருகிறதா பாருங்கள். ஆறு சிலிண்டருக்கும் கொம்பிரசன் (உள்ளே ஏறும் அழுத்தம்) அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட ஆறும் ஒன்றுக்கொன்று கிட்ட இருப்பதே முக்கியம். காரோடு வந்த டர்போவில் எக்ஸ்ஹோஸ்ட் பக்கத்துச் சக்கரம் செராமிக். அழுத்தத்தைக் கூட்டி ஓட்டினால் அது தண்டிலிருந்து கழன்று போகும் என்பது இந்தக் கார்களை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே அழுத்தத்தைக் கூட்டும் கருவி ஏதாவது பொருத்தியிருக்கிறதா, யார் டியூன் செய்தது என்று கேளுங்கள். என் விருப்பம், கூடிய மட்டும் கை வைக்காத கார்.

சட்டப் பக்கம். கனடாவில் 15 வயது முடிந்த காரை இறக்கலாம், அமெரிக்காவில் 25 வயது. விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்: 2018இல் முதல் ஆர்33கள் 25 வயதைத் தொட்டதும் அமெரிக்கர்களும் அதே ஏலங்களில் இந்தக் காருக்குக் கை தூக்கத் தொடங்கினார்கள். கியூபெக்குக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால், வலப்பக்க ஸ்டியரிங் காருக்கு அங்கேயும் 25 வயது வேண்டும். நீங்களே ஏலத்தில் எடுத்து இறக்கினால் எல்லையில் 5 வீதம் ஜிஎஸ்டி, குளிரூட்டி இருந்தால் 100 டொலர், பிறகு பதிவு செய்யும்போது ஒன்ராறியோவின் 8 வீதம். முதல் கார் என்றால் நேரே ஏலத்தில் எடுக்க வேண்டாம் என்பேன். இங்கே வந்து நிற்கும் காரைத்தான் தூக்கி அடியைத் தட்டிப் பார்க்க முடியும்.

பதிவுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். ஜப்பான் ஹெட்லைட் இடப்பக்கம் ஓடும் வீதிக்காகச் செய்தது, அதன் ஒளி இடது பக்கம் உயர்ந்து இங்கே எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அதை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

காப்புறுதியை மறந்துவிட்டுக் காரை வாங்கித் தவித்தவர்களை எனக்குத் தெரியும். வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் பல நிறுவனங்கள் மறுத்துவிடும். 17 இலக்க எண் இல்லாததால் சிலருடைய கணினியே ஏற்காது. முற்பணம் கொடுப்பதற்கு முதல் தரகரிடம் எலும்புக்கூட்டு எண்ணைக் கொடுத்து எழுத்தில் விலை வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது சேகரிப்பாளர் காப்புறுதி: வேலைக்குப் போக வேறு கார் இருக்க வேண்டும், கராஜுக்குள் நிறுத்த வேண்டும், வருடத்துக்கு இவ்வளவுதான் ஓடலாம். காரின் பெறுமதியை முதலிலேயே பேசி எழுதிக்கொள்வார்கள், அது பெரிய நிம்மதி.

ஓட்டுவதற்குப் பழக இரண்டு கிழமை எடுத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே தடம் உள்ள வீதியில் தனியாக லொறியை முந்த முடியாது, வலப்பக்கம் இருந்து எதிர்வீதி தெரியாது. மனைவி இடப்பக்கம் இருந்து "இப்ப போகலாம்" என்று சொன்னால்தான் நான் வெளியே எடுப்பேன், அவர் இல்லாவிட்டால் பின்னாலேயே போவேன். ஜப்பான் வானொலி 90 மெகாஹேர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதால் தமிழ் கேட்கும் 101.3 வராது. பெற்றோல் 91 ஒக்டேனுக்குக் கீழே ஊற்றக் கூடாது, 94 கிடைக்கும் இடத்தில் நான் அதைத்தான் ஊற்றுகிறேன். உதிரிப்பாகம் பற்றி ஒன்று: நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017 கடைசியில் பழைய பாகங்களைத் திரும்பச் செய்யத் தொடங்கியது ஜிடி-ஆருக்குத்தான். என்னுடையது போன்ற ஜிடிஎஸ்-டிக்கு எஞ்சின் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும், கதவு ரப்பர், உள் பிளாஸ்டிக் போன்றவற்றுக்குத்தான் தேடி அலைய வேண்டும். உள்ளே உடைந்தவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கையில் இருக்கும் காசு முழுவதையும் விலையில் கொடுத்துவிடாதீர்கள். நான் வாங்கிய கார் 1,38,000 கிலோமீற்றர், கூரைப் பூச்சு உரிந்தது, கதவுக்குக் கீழே தட்டிய இடமெல்லாம் கணீரென்று கேட்டது. 19,500 டொலர் கொடுத்தேன். முதல் வருடத்தில் டைமிங் பெல்ற், தண்ணீர்ப் பம்ப், வெடித்த ரப்பர் குழாய்கள் எல்லாம், ஆறு இக்னிஷன் கொயில், நாலு ரயர் (பழைய ரயரில் தேயாத பூ நிறைய இருந்தது, ஆனால் ரயரின் பக்கத்தில் இருந்த உற்பத்தித் திகதி 2008) என்று இன்னும் ஐயாயிரம் போனது. பெல்ற் எப்போது மாற்றியது என்று தாளில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு முதல் வாரமே மாற்றுங்கள். நவம்பரில் அடிப்பக்கத்துக்கு ஒயில் தெளித்து, பற்றறிக்கு சார்ஜரை மாட்டிப் போர்த்து வைப்பேன். ஏப்ரலில் மழை பெய்து வீதி உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பேன்.