கொரியாவைக் கணக்குப் பாடத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பள்ளியில் நாலாம், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். கார் கம்பெனி வேலைக்காக வந்த கொரியக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பில் இருக்கிறார்கள். இந்த மாதம் எல்லாப் பாடத்திலும் கொரியப் பண்பாட்டைச் சேர்த்து நடத்தச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியை. மாறுவேடம், பிடிஎஸ் பாட்டுக்கு ஆட்டம், இதைத் தாண்டி எனக்கு எதுவும் தோன்றவில்லை. கணக்கிலும் அறிவியலிலும் என்ன செய்வது?

பதில்: கொரியாவைப் பற்றி என்ன சொல்லித்தரலாம் என்று ஆரம்பித்தால் உடை, உணவு, கொடி என்று சார்ட் பேப்பரில்தான் போய் நிற்கும். அதனால் முதலில் இந்த மாதப் பாடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதை நடத்த உதவுகிற கொரியச் சங்கதி எது என்று தேடுங்கள். உதவாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கணக்குதான் உங்களுக்குப் பயம் போல, ஆனால் அங்கேதான் நல்ல சரக்கு இருக்கிறது. யுன்னோரி என்று ஒரு விளையாட்டு, சொல்லால் என்கிற சந்திரப் புத்தாண்டுக்கு வீட்டில் எல்லோரும் கூடி ஆடுவது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும் நாலு குச்சிகளைத் தூக்கிப் போட வேண்டும். ஒன்று தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் தோ, ஒரு கட்டம் நகரலாம். இரண்டு விழுந்தால் கே, மூன்று கொல், நாலும் தட்டையாக விழுந்தால் யுத், ஒன்றுகூட அப்படி விழாவிட்டால் மோ, அதற்கு 5 கட்டம். யுத்துக்கும் மோவுக்கும் மறுபடி போடலாம், எதிராளியின் காயை வெட்டினாலும் அப்படித்தான், தாயம் ஆடிய பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். ஐஸ் குச்சியில் ஒரு பக்கம் கோடு போட்டுக்கொண்டால் போதும். குழுவுக்கு 50 முறை போட்டு எது எத்தனை தடவை வந்தது என்று அட்டவணை போடச் சொல்லுங்கள். பிறகு, நாலு குச்சி எத்தனை விதமாக விழலாம் என்று எழுத வையுங்கள். 16 விதம் வரும், அதில் கே மட்டும் 6, தோவும் கொல்லும் நாலு நாலு, யுத்துக்கும் மோவுக்கும் ஒன்றே ஒன்றுதான். 'அப்போ மோவுக்கு ஏன் அதிகக் கட்டம்?' என்று எவனாவது கேட்பான் பாருங்கள், அன்றைக்கு உங்கள் பாடம் முடிந்தது. (உண்மையான யுத் குச்சி ஒரு பக்கம் உருண்டை என்பதால் இந்தக் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. ஐந்தாம் வகுப்பில் அதையும் பேசலாம்.)

வயதுக் கணக்கும் உண்டு. பழைய கொரிய வழக்கப்படி பிறக்கும்போதே ஒரு வயது, அப்புறம் ஜனவரி 1 வந்தால் எல்லோருக்கும் ஒன்று கூடும். டிசம்பர் 31 பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது! தென்கொரிய அரசு 2023 ஜூனில் சட்டப்படி இதை மாற்றி, நம்மைப் போல் பிறந்தநாளை வைத்தே வயதைக் கணக்கிடுகிறது. வகுப்பில் ஒவ்வொருவருக்கும் இரண்டு முறையிலும் வயது போடச் சொல்லுங்கள், சத்தம் தாங்காது.

அறிவியலுக்கு மழைமானி. அரசர் சேஜோங் காலத்தில், 1441-ல், சுகுகி என்ற உருளை வடிவ மழைமானியைச் செய்து, பிறகு நாடு முழுக்க மழையை அளந்து அறிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன் மழை மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பார்களாம். அதில் என்ன கோளாறு என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள்: ஒரு தொட்டியில் காய்ந்த மண், இன்னொன்றில் ஈர மண், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். அடுத்து நேர்ச்சுவர் உள்ள அகல டப்பா ஒன்று, ஒடுக்கமானது ஒன்று, இரண்டையும் மழையில் வைத்துப் பாருங்கள். தண்ணீரின் அளவு வேறு வேறாக இருக்கும், உயரம் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மழையை ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கிம்ச்சியும் அறிவியல்தான். முட்டைக்கோஸில் உப்பு பிசறினால் தண்ணீர் விடும், அந்த உப்புநீரில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிக்க வைக்கும். மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும். செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாற்றில் முதல் நாள் உப்புநீரையும் மூன்றாம் நாள் உப்புநீரையும் சொட்டுவிட்டால், புளித்தது கூடுதல் சிவப்பாக்கும் (கொரியாவின் தேசிய மலர் முகுங்வா செம்பருத்திக்குச் சொந்தக்காரப் பூ). பள்ளியில் செய்ததைச் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். கடைக் கிம்ச்சி வாங்கினால் இறாலோ மீன் சாறோ பெரும்பாலும் இருக்கும், சைவ வீட்டுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதில் இருக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொரியாவுக்கும் வந்தது, நமக்கும் வந்தது, உலகப் படத்தில் இரண்டு கோடு இழுத்தால் சமூக அறிவியலும் ஆயிற்று.

மொழி வகுப்புக்கு ஹங்குல் எழுத்து. 1443-ல் உருவாகி 1446-ல் வெளியானது, இன்று 24 எழுத்து. 'ன' ஒலிக்கு நாக்கின் வளைவு, 'ம' ஒலிக்கு வாய் போலச் சதுரம் என்று ஒலிக்கும் உறுப்பின் வடிவத்தையே எழுத்தாக்கியிருக்கிறார்கள். கையில் கண்ணாடியோடு 'ன', 'ம' சொல்லிப் பார்க்கட்டும், பெயர் எழுதுவதெல்லாம் அப்புறம். பாட்டு வகுப்பில் சாமுல்நோரி என்ற கொரியத் தாள இசையின் நாலு கருவிகளுக்கு இடி, காற்று, மழை, மேகம் என்று பொருத்தம் சொல்வார்கள், மேசையில் தட்டியே செய்யலாம். ஓவியத்துக்குப் புலியும் மேக்பை பறவையும் வரும் நாட்டுப்புற ஓவியம் போதும்.

இரண்டு எச்சரிக்கை. அம்மா, அப்பா மாதிரிச் சொற்களைக் காட்டித் தமிழிலிருந்து கொரியம் வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை வகுப்பில் சொல்லாதீர்கள், மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. கடல் கடந்து கொரியாவுக்கு வந்த ஆயுதா நாட்டு இளவரசி கதை 13-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலில் இருக்கிறது, கதையாகவே சொல்லுங்கள். இன்னொன்று, அந்த இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி 'உங்க ஊர்ல எப்படி?' என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். சிறு வயதிலேயே இங்கே வந்திருந்தால் அவர்களுக்கே பாதி தெரியாது. அவர்கள் அம்மா அப்பாவிடம் தனியாகக் கேளுங்கள், விருப்பமிருந்தால் யுன்னோரி அன்றைக்கு வரட்டும்.

மழைமானிக்குச் சில வாரம் தேவை, கிம்ச்சிக்குச் சில நாள். அதனால் அந்த இரண்டையும் முதல் திங்கட்கிழமையே தொடங்கிவிடுங்கள், மற்றவற்றை நடுவில் நுழைத்துக்கொள்ளலாம்.